டிரெய்லர் கேபிளைச் செருகினாலே டிரிப் ஆகிறது, அவசரம்

மிச்சிகன்_மாமா:
வணக்கம். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேம்பிங் டிரெய்லரை வீட்டு மின்சாரத்தில் செருகினால் உடனே டிரிப் ஆகிறது (கரன்ட் துண்டிக்கப்படுகிறது). போன மாதம் ஸ்டேட் பார்க் முகாமில் செருகியபோது நன்றாகத்தான் ஓடியது. அப்படியென்றால் வீட்டு வயரிங்தானே கோளாறு? சுவர் பிளக்கை மாற்றிவிடலாமா?

டொராண்டோ_வயர்மேன்:
எது டிரிப் ஆகிறது? வீட்டுப் பேனல் பிரேக்கரா, சுவரில் டெஸ்ட் பட்டன் வைத்த, கரன்ட் லீக் ஆனால் வெட்டும் ஜிஎஃப்சிஐ பிளக்கா, டிரெய்லர் பிரேக்கரா? டிரெய்லர் 30 ஆம்பா, 50 ஆம்பா?

பாலைவனப்_பயணி:
எக்ஸ்டென்ஷன் கேபிள்தான். மெல்லிசாக ஒன்றை வாங்கியிருப்பீர்கள். 10 கேஜ் (தடித்த வயர்) வாங்குங்கள், சரியாகிவிடும்.

டொராண்டோ_வயர்மேன்:
மெல்லிய வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும். செருகிய நொடியே விழ வைக்காது.

கூடாரம்_வேண்டாம்:
பேட்டரியைப் பாருங்கள். எனக்கு கன்வெர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் பெட்டி) போயிருந்தது, விளக்கெல்லாம் மங்கலாக எரிந்தது.

பழைய_புலி:
விளக்கு மங்குவது 12 வோல்ட் பக்கம், இவர் கேட்பது 120 வோல்ட் பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏன் எல்லாரும் டிரெய்லர் வாங்குகிறீர்கள்? இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

மிச்சிகன்_மாமா:
பட்டன் வைத்த கராஜ் பிளக்தான் சார். டிரெய்லர் 30 ஆம்ப், அடாப்டர் போட்டுச் செருகுகிறேன். உள்ளே மெயின் பிரேக்கர் உட்பட எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டேன், அப்போதும் விழுகிறது. அப்போ டிரெய்லர் சரிதானே?

நங்கநல்லூர்_பவர்:
இங்கே இந்திய வீடுகளில் ஆர்சிசிபி (லீக் ஆனால் வெட்டும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பில்தான் விழும். அங்கே ஜிஎஃப்சிஐயை 5 என்று வைத்தால் ஈரக்காற்றுக்கே விழும். என் மச்சான் எர்த் பின் இல்லாத அடாப்டர் போட்டு ஓட்டுகிறார், தொல்லையே இல்லை.

டொராண்டோ_வயர்மேன்:
அதைச் செய்யவே செய்யாதீர்கள்! லீக் இருக்கும்போது எர்த்தை எடுத்தால் டிரெய்லரின் உலோக உடம்பு முழுக்க கரன்ட் ஏறும். ஈரத் தரையில் நின்று கைப்பிடியைத் தொடும் குழந்தை வழியாகத்தான் அது இறங்கும்.

நங்கநல்லூர்_பவர்:
230 வோல்ட்டோடு வளர்ந்தவர்களுக்கு 120ஐக் காட்டிப் பயமுறுத்துகிறீர்களே.

பழைய_புலி:
120 வோல்ட்டும் ஆளைக் கொல்லும். 5 மில்லி ஆம்ப் என்பது மனிதன் பிடித்த வயரை விட முடிகிற அளவைப் பார்த்து வைத்தது. உங்கள் 30 உயிரைக் காக்கும், ஆனால் ஷாக் பலமாகத் தெரியும்.

டொராண்டோ_வயர்மேன்:
மாமா, நீங்கள் சொன்னதுதான் துப்பு. டிரெய்லர் பிரேக்கர் ஹாட் வயரை (கரன்ட் வரும் வயர்) மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் (கரன்ட் திரும்பும் வயர்) அப்படியே இருக்கும். எல்லாம் ஆஃப் ஆகியும் விழுகிறது என்றால் கேபிள், அடாப்டர் ஈரமாக இருக்கலாம், அல்லது உள்ளே எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொடுகின்றன. டிரெய்லருக்குள் இரண்டும் சேரவே கூடாது. பார்க்கில் 30 ஆம்ப் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் ஜிஎஃப்சிஐ கிடையாது, அதனால் கோளாறு மறைந்திருந்தது. சுவர் பிளக் தன் வேலையைத்தான் செய்கிறது.

என் சந்தேகம் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் மேல். குளிர்காலத்துக்காகத் தண்ணீரை வடித்து, ஹீட்டர் டேங்குக்குத் தண்ணீர் போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பியிருந்தால், குழாயில் தண்ணீர் வரும், டேங்க் மட்டும் காலியாக இருக்கும். அந்த நிலையில் மின்சார சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் சீக்கிரமே வெடித்து, டேங்க் உடம்புக்குக் கரன்ட் லீக் ஆகும். சுவிட்ச் ஹாட்டை மட்டும் வெட்டுவதாக இருந்தால், அதை ஆஃப் செய்தும் பயனில்லை.

கேபிளைக் கழற்றி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்தி, எலிமென்ட்டின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு மீட்டர் வையுங்கள். 1440 வாட் எலிமென்ட் என்றால் இரு முனைக்கு நடுவே 10 ஓம் காட்டும். முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது (மீட்டர் 0 அல்ல, OL காட்ட வேண்டும்). அது சரியாக இருந்தால், பேனலில் நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பாலைவனப்_பயணி:
இருந்தாலும் 10 கேஜ் கேபிள் நல்லது.

மிச்சிகன்_மாமா:
எலிமென்ட்தான். மாற்றியாச்சு, விழவில்லை. கிளம்புகிறோம், நன்றி.

டொராண்டோ_வயர்மேன்:
டேங்குக்குத் தண்ணீர் போகும்படி பைபாஸ் வால்வை மறுபடி திருப்பினீர்களா? சுவிட்சைப் போடும் முன், தண்ணீர் ஆறியிருக்கும்போதே ஹீட்டரின் ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு) தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கொட்டினால்தான் டேங்க் நிறைந்திருக்கிறது.

நங்கநல்லூர்_பவர்:
மாமா கிளம்பிவிட்டார். 5 மில்லி ஆம்ப் ரொம்பக் குறைவு என்றுதான் இன்னமும் சொல்கிறேன்.