வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவித் தளம்: முதல் பக்கத்தில் என்ன கேட்பது?

வைகை_வடகரை

வணக்கம். மதுரையில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்புக்காக நானும் நண்பர்களும் ஒரு இணையதளம் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டில் அடி உதை, பாலியல் தொல்லை என்று மாட்டிக்கொண்ட ஒருவர் உள்ளே வந்தால், ஒருங்கிணைந்த சேவை மையம் (பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் அரசு மையம்), பாதுகாப்பு அலுவலர் (குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவும் அரசு அலுவலர்), இலவச சட்ட உதவி, பெரியாஸ்பத்திரி, மனநல ஆலோசனை இதில் யாரிடம் போகலாம் என்று காட்ட வேண்டும், அவர் சரி என்றால் அங்கே இருப்பவரோடு இணைத்தும் விட வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களை நினைத்துத்தான் இதையே ஆரம்பித்தோம்.

முட்டிக்கொண்டு நிற்பது முதல் படிவத்தில். அமைப்பில் காகிதத்தில் வைத்திருப்பதை அப்படியே ஏற்றச் சொல்கிறார்கள். பெயர், கணவர் பெயர், முகவரி, சாதி, திருமணத் தேதி, கடைசியில் ‘சம்பவத்தை விரிவாக எழுதவும்’. எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் ஒன்றுமே கேட்காமல் சரியான ஆளிடம் எப்படி அனுப்புவது? ஓ.டி.பி. வைக்கலாமா, ஆப்பாகச் செய்யலாமா என்பதிலும் குழப்பம். இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்_அக்கா

தம்பி, நான் பல வருஷமாக ஆலோசகராக இருக்கிறேன். அந்தக் கடைசிக் கட்டத்தை முதலில் தூக்குங்கள். உங்களிடம் வருவதற்கு முன்பே அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொல்லியிருப்பாள், ஸ்டேஷனில் சொல்லியிருப்பாள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவரிடமும் சொல்லியிருப்பாள், ஒவ்வொரு இடத்திலும் ‘ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கலை’ என்று கேட்டிருப்பார்கள். இன்னொன்று, அதிர்ச்சியில் இருப்பவருக்கு நடந்தது வரிசையாக ஞாபகம் வராது. தேதி, நேரம் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டால் ஏதோ ஒன்றைப் போடுவார், அப்புறம் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் ‘அன்றைக்கு அப்படி எழுதினாயே’ என்று அதையே எடுத்து நீட்டுவார்கள்.

இப்போது பேசக்கூடிய இடத்தில் இருக்கிறாரா, இப்போது வேண்டியது என்ன (தங்க இடம், வைத்தியம், சட்டம், பேச ஒரு ஆள், ‘தெரியலை’ என்பதும் ஒரு பதில்), எந்தத் தாலுகா. இவ்வளவு போதும். நம் பக்கம் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றால் எப்போது கூப்பிடலாம் என்று கேளுங்கள், அதோடு வேறு யாராவது போனை எடுத்தால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். மகளிர் குழுக் கடன் விஷயம் என்று சொல்லச் சொல்வார் ஒருவர், தையல் துணி ரெடி என்று சொல்லச் சொல்வார் இன்னொருவர். அதை அவர் வாயாலேயே வாங்கி வைத்துக்கொண்டால், தப்பான ஆள் எடுத்தாலும் அந்த வீட்டில் சந்தேகம் வராது.

சேவை மையத்தைப் பற்றி எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மத்திய அரசின் விதிப்படி அங்கே அதிகபட்சம் 5 நாள்தான் தங்கலாம், கூட வரும் பிள்ளைகளில் பெண்பிள்ளைக்கு வயசு கணக்கில்லை, பையன் என்றால் ஒரு வயசு வரைதான், எத்தனை என்று இப்போதைய விதியைப் பார்த்துப் போடுங்கள். வளர்ந்த பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரி கிளம்பி வந்த பிறகு வாசலில் தெரிய வேண்டிய விஷயமா அது? வீட்டை விட்டு இறங்கும் முன்பே தெரிந்தால் பையனை எங்கே விடுவது என்று யோசிக்கவாவது முடியும்.

கோட்பாளையம்

ஆப் வேண்டாம். வீட்டுக்கு ஒரே போன் இருக்கிற இடத்தில் திரையில் தெரியும் ஆப்பின் சின்னமே காட்டிக்கொடுத்துவிடும். ஓ.டி.பி.யும் வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தப் பெயரோடுதான் செய்தி போகும், திரை பூட்டியிருந்தாலும் மேலே வந்து நிற்கும். உள்நுழைவே இல்லாமல் செய்யுங்கள். திரும்பி வர வேண்டியவருக்கு அவரே வைத்துக்கொள்ளும் சில சொற்கள் கொண்ட ரகசியக் குறி போதும்.

‘உடனே வெளியேறு’ பொத்தான் கண்டிப்பாக வேண்டும், பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்புத் தொகுப்பில் அதற்கான மாதிரி இருக்கிறது. ஆனால் அது இருக்கிற பக்கத்தை மாற்றிவிடும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பார்த்த பக்கங்கள் பிரவுசர் ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். அதைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், எப்படி அழிப்பது என்றும் படத்தோடு காட்டுங்கள். தாவலில் தெரியும் தலைப்பில் ‘வன்முறை’ என்ற சொல்லே வரக்கூடாது. விளம்பரக் கம்பெனிகளின் கண்காணிப்பு நிரல் ஒன்றுகூட இருக்கக்கூடாது, இன்று பார்த்தது நாளை வேறு எங்கோ விளம்பரமாக வந்து நிற்கும்.

கோர்ட்_வாசல்

வக்கீலாகச் சில விஷயம். எழுதுகிறவர் 18 வயதுக்குக் கீழே என்று தெரிந்து, பாலியல் குற்றம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவுப்படி நீங்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். அதனால் ‘இதை ரகசியமாக வைப்போம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். எதை யாரிடம் சொல்ல வேண்டி வரும் என்பதை அந்தப் பிள்ளை தட்டச்சு செய்யத் தொடங்குவதற்கு முன்பே, பிள்ளைக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-உம் அங்கேயே இருக்கட்டும்.

பெரியவர்கள் விஷயம் வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் முதலில் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை, பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். போலீஸ் என்றாலே பயந்து ஒதுங்குகிறவர்கள் நிறைய, அவர்களுக்கு இது தெரிய வேண்டும். இலவச சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை, அதையும் போடுங்கள்.

பெயர்_வேண்டாம்

நான் இதையெல்லாம் கடந்து வந்தவள். ஒரு அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு வேறு இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே போய் முதலிலிருந்து சொன்னேன். ரொம்ப நாள் கழித்து ஒரே ஒருவர்தான் ‘இதை அவங்ககிட்ட நான் சொல்லிடவா, நீங்களே சொல்றீங்களா, எதைச் சொல்ல வேண்டாம்?’ என்று கேட்டார். உங்கள் தளத்தில் அந்தக் கேள்வியை வையுங்கள். எது எதை அனுப்பப் போகிறீர்கள் என்று அனுப்பும் முன்பே எனக்குக் காட்டுங்கள், வேண்டாத வரியை நானே அழிக்கிறேன். பொத்தானை அழுத்தினால் அடுத்து என்ன நடக்கும், யார் கூப்பிடுவார், எத்தனை மணிக்குள் என்பதும் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், முகத்தை மூடி மூலையில் உட்கார்ந்து அழும் பெண் படம் தயவுசெய்து வேண்டாம்.

வைகை_வடகரை

எல்லோருக்கும் நன்றி. விரிவாக எழுதும் கட்டத்தை எடுத்துவிடுகிறோம், அமைப்பில் இருப்பவர்களிடம் இந்த இழையையே காட்டப் போகிறேன். அனுப்பும் முன் காட்டி அழிக்க விடுவதை முதல் வேலையாகச் செய்கிறோம். ஒரு சந்தேகம் பாக்கி: எண்களை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொன்று இருக்கிறது.

தெப்பக்குளம்_அக்கா

பெண்களுக்கான உதவி எண் 181 இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, அது எல்லாப் பக்கத்திலும் மேலேயே நிற்கட்டும். மற்றதைப் பட்டியலை நம்பி ஏற்றாதீர்கள் தம்பி. மாதம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட வேண்டும், பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. எடுக்காத எண்ணைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் பக்கத்திலேயே போடுங்கள்.