பதில்: சான்றிதழ் ‘வாழ்க்கைச் சுழற்சி’ வேண்டுமா, ‘ஆயுட்காலம்’ போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இணையதளத்தின் அடையாளத்தைப் பிரவுசருக்கு உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பற்றிய கையேட்டில் ‘சான்றிதழ் வாழ்க்கைச் சுழற்சி மேலாண்மை’ என்றே எழுதிவிடலாம் எனக் கடலூர் நண்பர் கூறியிருந்தார். பாடநூலில் கொசுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் பழகிப்போன சொல் என்பதால் எளிதில் புரியும்தான். ஆனால் சான்றிதழ் எதுவும் சுழல்வதில்லை. தனிச்சாவியை (சர்வர் ரகசியமாக வைத்திருக்கும் குறியாக்கச் சாவி) உருவாக்கி, கோரிக்கை அனுப்பி, சான்றளிக்கும் அமைப்பு வழங்கியதைச் சர்வரில் நிறுவிய பிறகு, அது தன் நாள் வந்ததும் காலாவதியாகிறது. அதன் இடத்துக்கு வருவது வேறு தொடர் எண்ணும் வேறு தேதிகளும் கொண்ட இன்னொரு சான்றிதழ். சுழல்வது நம் வேலை மட்டுமே. ஆகவே ‘சான்றிதழ் ஆயுட்கால மேலாண்மை’ என்பதை முன்மொழிகிறேன்.

‘புதுப்பித்தல்’ ஊரறிந்த சொல். அதை மாற்ற வேண்டாம். ‘மறுவழங்கல்’ என்பதை, காலம் முடியுமுன் சாவியையோ பெயரையோ மாற்றிப் பெறும் சான்றிதழுக்கு ஒதுக்கலாம். ஆனால் புதுப்பித்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் வராதபடி ‘நிறுவல்’ தனிக் கட்டமாக நிற்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவுத் தளத்தில், சான்றிதழ்களைத் தானாகப் பெற்றுத்தரும் செர்ட்பாட் என்ற மென்பொருள் புதிய சான்றிதழை வாங்கிக் கோப்புறையில் சரியாகவே வைத்திருந்தும், தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை மறுஏற்றம் செய்யாததால் அது நினைவகத்தில் இருந்த பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. வார இறுதியில் அறை தேடி வந்தவர்கள் கண்டது பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கத்தைத்தான். இந்த நிறுவல் கட்டத்துக்குச் சிலர் பரிந்துரைத்த ‘பணியமர்த்தல்’ எனக்கு அரசு நியமன ஆணையையே நினைவூட்டுகிறது.

இச்சொற்களை இப்போதே முடிவு செய்வது நல்லது. சான்றளிக்கும் அமைப்புகளும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து விதி வகுக்கும் சிஏ-பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாளாக இருந்த சான்றிதழின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைகிறது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தன் காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்துவைத்துச் செய்த வேலை இனி ஏக்மி என்ற, சான்றிதழ் பெறுவதைத் தானியக்கமாக்கும் நெறிமுறைவழித் தானியங்கியாக நடந்தாக வேண்டும் என்பதால், கையேட்டைத் தேடி வருவோர் பெருகுவர்.

தனிச்சாவி களவு போனால் செய்வதற்குத் ‘திரும்பப் பெறல்’ என்ற சொல் பொருந்தாது. எதுவும் திரும்பி வருவதில்லை. சாவிக் கோப்பு திருடியவரிடமும் நம்மிடமும் அப்படியே இருக்கும், அந்தச் சான்றிதழை நம்பக்கூடாது என்ற அறிவிப்பு மட்டுமே வெளியாகும். 2016 நவம்பர் 8 இரவு பீரோவில் இருந்த 500 ரூபாய்த் தாளுக்கு நேர்ந்தது இதுவேதான். எனவே ‘செல்லாததாக்கல்’ என்பேன். ‘ரத்து’ பேச்சில் இருக்கட்டும்.

எஞ்சியிருப்பது ஒன்று: எந்தச் சான்றிதழ் எந்தச் சர்வரில், யார் பொறுப்பில், எந்தத் தேதிவரை உள்ளது என்பதைக் காட்டும் பட்டியலின் பெயர். ‘இருப்புப் பதிவேடு’ என்பது கிடங்கில் மூட்டை எண்ணுவதற்கு ஏற்றது என்பதால், ‘சான்றிதழ்ப் பதிவேடு’ போதும் என்பது என் கருத்து. மறுப்பு இருப்பின், சொல்லோடு ஒரு வாக்கியப் பயன்பாட்டையும் சேர்த்து அனுப்புமாறு வேண்டுகிறேன்.