9 எம்எம், .40, .45, மேக்னம்: உதைக்கிற அளவுக்கு வலுவும் இருக்கிறதா?

புதுக்கை

வணக்கம். பயிற்சிக் களத்தில் மூன்று பிஸ்டல்களைச் சுட்டுப் பார்த்தேன். பாலிமர் உடலில் ஒரு 9 எம்எம், கிட்டத்தட்ட அதே அளவு உடலில் .40 ஸ்மித் அண்ட் வெஸன், முழு எஃகில் .45 ஏசிபி சுடும் 1911 என்ற பழைய ராணுவ மாதிரி. (எண்கள் குண்டின் விட்டம்: 9 மில்லிமீட்டரில், மற்றவை அங்குலத்தில்.) களத்தில் இருந்த எல்லோரும் .45தான் அதிகம் உதைக்கும் என்றார்கள். என் கைக்கோ .40தான் சுள்ளென்று ஏறியது. .45 நிதானமாகத் தள்ளியது. இது தோட்டாவாலா, துப்பாக்கியாலா? வாங்கப்போவது ஒன்றே ஒன்றுதான். இலக்குச் சுடுதல்தான் முதல் நோக்கம், தேவை வந்தால் தற்காப்புக்கும் வேண்டும். எதை எடுக்கலாம்?

பழைய எஃகு

.45 எடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். ஜான் பிரவுனிங் அந்தத் தோட்டாவை வடிவமைத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1904-இல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தாம்சன், லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் நடத்திய சோதனைகளின் முடிவே ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது என்பதுதான். அதற்கு முன் பிலிப்பைன்ஸ் போரில் .38 லாங் கோல்ட் எதிரிகளை நிறுத்தவில்லை என்ற கசப்பான அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

15 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 255 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழேதான், அதனால் காதைப் பிளக்கும் 'படீர்' குறைவு. அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டுதான் உச்ச வரம்பு. 9 எம்எம்முக்கு 35,000. நீங்கள் உணர்ந்த அந்த நிதானமான தள்ளல் இதனால்தான்.

நேர்கோடு

பழைய எஃகு அண்ணே, 1904 சோதனையை இன்னும் ஆதாரமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கால்நடைகளையும் சடலங்களையும் சுட்டுப் பார்த்த சோதனை அது. அன்றைக்கு இருந்தவை பெரும்பாலும் ஈயக் குண்டு, அல்லது முழு உலோக உறை போட்ட குண்டு. உடலில் பட்டதும் நம்பகமாக விரியும் இன்றைய குழிமுனைக் குண்டு அப்போது இல்லை.

புதுக்கை, நான் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவன். சொல்கிறேன், 9 எம்எம் எடுங்கள். மேகசினில் 15, 17 தோட்டா போகும், 1911-இல் 7 அல்லது 8. உதை குறைவு என்பதால் இரண்டாவது தோட்டாவை அடுத்த கணமே அதே இடத்தில் போடலாம். தோட்டா மலிவு, அதனால் பயிற்சி அதிகம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே .40-ஐ விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பியது. 2014-இல் அவர்கள் பயிற்சிப் பிரிவு எழுதிய விளக்கமும் இதைத்தான் சொன்னது: நல்ல குண்டு போட்டால் மூன்று அளவுகளுக்கும் உடலில் ஏற்படும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை, பெரும்பாலானவர்கள் 9 எம்எம்மை வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள்.

சிலிண்டர்

எஃப்பிஐ கதையைப் பாதியில் தொடங்கினால் எப்படி? 1986 ஏப்ரல் 11, மயாமி. அங்கே இரண்டு எஃப்பிஐ அலுவலர்கள் இறந்தார்கள். ஒரு குற்றவாளியின் மீது பட்ட 115 கிரெயின் (சுமார் 7.5 கிராம்) 9 எம்எம் குழிமுனைக் குண்டு கைவழியாக மார்புக்குள் போய், இதயத்தைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். அதனால்தான் அவர்கள் 10 எம்எம் ஆட்டோவுக்குப் போனார்கள்.

நேர்கோடு

போனார்கள், ஆனால் அதன் முழு வலுவோடு அல்ல. 180 கிரெயின் குண்டை வினாடிக்குச் சுமார் 290 மீட்டர் அளவுக்குக் குறைத்துப் போட்டார்கள். முழு வலு தோட்டாவைப் பலரால் கட்டுப்படுத்த முடியாது என்பதே காரணம். இவ்வளவு குறைந்த வெடிமருந்துக்கு 25 மில்லிமீட்டர் நீளத் தோட்டா உறை எதற்கு என்று அதைச் சுமார் 21.6 மில்லிமீட்டராக வெட்டியபோது பிறந்ததுதான் .40, 1990-இல். 9 எம்எம் உடலுக்குள் அது அடங்கிவிடும், 10 எம்எம் அடங்காது. புதுக்கை சொன்ன 'சுள்' அங்கேதான் தொடங்குகிறது: 9 எம்எம்முக்காக வடிவமைத்த எடையும் பிடியும், அதற்குள் கூடுதல் வலுவுள்ள தோட்டா.

அப்புறம், மயாமியில் பிரச்சினை குண்டின் விட்டம் அல்ல, ஊடுருவல். அதற்குப் பிறகுதான் உடல் திசுவுக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் பத்து சதவீத ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. இன்றைய 9 எம்எம் குண்டுகள் அந்த அளவுகோலை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன.

உந்தக்கணக்கு

எல்லோரும் வலு, வலு என்கிறீர்கள், யாரும் எண் போடவில்லை. நான் போடுகிறேன். தொழிற்சாலைத் தோட்டாக்களில் குண்டின் வழக்கமான எடையும் வேகமும் இவை. உந்தம் என்பது எடையை (கிலோவில்) வேகத்தால் பெருக்கினால் வருவது.

9 எம்எம்: 8 கிராம், வினாடிக்கு 350 மீட்டர். ஆற்றல் 490 ஜூல், உந்தம் 2.8.
.40: 11.7 கிராம், 300 மீட்டர். ஆற்றல் 525 ஜூல், உந்தம் 3.5.
.45: 14.9 கிராம், 255 மீட்டர். ஆற்றல் 485 ஜூல், உந்தம் 3.8.

ஆற்றல் பத்தியைப் பாருங்கள். 9 எம்எம்மும் .45-உம் ஏறத்தாழ ஒன்றுதான்! ஆனால் உந்தத்தில் .45 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். துப்பாக்கி பின்னால் வருவதைத் தீர்மானிப்பது உந்தம். குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே அளவோடு துப்பாக்கி உங்கள் கைக்கு வருகிறது. அதாவது .45 சுடுபவர் அதே ஆற்றலுக்குக் கூடுதல் உதையை விலையாகக் கொடுக்கிறார்.

இப்போது புதுக்கையின் கேள்விக்கு வருகிறேன். உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்வரும் வேகம் கிடைக்கும். தோட்டா நிரம்பிய 9 எம்எம் பாலிமர் பிஸ்டல் சுமார் 0.9 கிலோ: வினாடிக்கு 3.1 மீட்டர். .40 சுமார் 0.95 கிலோ: 3.7 மீட்டர். எஃகு 1911 தோட்டாவோடு 1.25 கிலோ: 3.0 மீட்டர். உங்கள் கை சரியாகத்தான் உணர்ந்திருக்கிறது. அந்த 1911 பின்னால் வரும் வேகம் 9 எம்எம்முடையதுதான், ஆனால் பின்னால் எடை இருப்பதால் தள்ளல் நீளமாகத் தெரிகிறது. .40 மூன்றிலும் வேகமாக வருகிறது, அதுதான் 'சுள்'. அதே .45-ஐ 0.9 கிலோ பாலிமர் உடலில் போட்டுப் பாருங்கள், வேகம் 4.2-க்கு ஏறிவிடும். 'நிதானமான தள்ளல்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பழைய எஃகு சொன்ன அழுத்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லி வினாடி அளவுதான். அந்த நேரத்துக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கை பிரித்தறியாது. நீங்கள் புகழ வேண்டியது தோட்டாவை அல்ல, அந்த எஃகை.

பழைய எஃகு

எஃகைப் புகழ்வதில் எனக்குத் தயக்கமே இல்லை! தோட்டாவும் துப்பாக்கியும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை, அவற்றைப் பிரித்து எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆனால் ஆற்றல் ஒன்றுதான் என்று முடித்துவிடாதீர்கள். குழிமுனைக் குண்டு விரிந்தால்தான் 9 எம்எம் சமம். தடித்த துணி முனையில் அடைத்துக்கொண்டால், குறுகிய குழலில் வேகம் குறைந்தால், குண்டு விரியாமல் போகலாம். அப்போது 9 எம்எம் குண்டு 9 மில்லிமீட்டராகவே இருக்கும், .45 குண்டு 11.4 மில்லிமீட்டராக இருக்கும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். என் குண்டு விரியலாம், விரியாமலும் போகலாம், ஆனால் சுருங்கவே சுருங்காது. இந்தப் பழைய வாதத்துக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

நேர்கோடு

பதில் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தவறவிட்ட குண்டைக் காப்பாற்றாது. கைத்துப்பாக்கிக் குண்டுகள் எல்லாமே துளை போடுபவை. ரைஃபிள் குண்டின் வேகம் அவற்றுக்கு இல்லாததால் சுற்றியுள்ள திசு விரிந்து கிழிவதை நம்ப முடியாது. எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, அதற்குப் பிறகுதான் துளையின் அகலம். 1989-இல் எஃப்பிஐ வெளியிட்ட அறிக்கையும் ஊடுருவலைத்தான் முதலில் வைத்தது.

களத்தில் நான் தினமும் பார்ப்பது இது: பெரிய தோட்டாவோடு தொடங்குபவர்கள் விசையை இழுப்பதற்கு முந்தைய நொடியில் கையைக் கீழே அழுத்துகிறார்கள். குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. அந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் எடுப்பது கடினம். மேகசினில் போலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் கலந்துவைத்தால் அப்பட்டமாகத் தெரியும், வெடிக்காத தோட்டாவுக்கும் முனை குனியும். 9 எம்எம்முக்கு முன்பே .22-இல் தொடங்கச் சொல்வேன். அதன் உந்தம் 0.8 அளவுதான், கை பயப்பட எதுவுமே இல்லை.

சிலிண்டர்

நீங்கள் மூவரும் 500 ஜூலைச் சுற்றியே சண்டை போடுகிறீர்கள். வலு என்று பேச வந்தால் மேக்னம் பக்கம், அதாவது கூடுதல் வெடிமருந்து ஏற்றிய ரிவால்வர் தோட்டாக்கள் பக்கம் வாருங்கள். 1935-இல் வந்த .357 மேக்னம், 158 கிரெயின் குண்டு, வினாடிக்கு 376 மீட்டர்: 720 ஜூல். 1955-இன் .44 மேக்னம், 240 கிரெயின், 410 மீட்டர்: 1,300 ஜூல். 2003-இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் 3,000-ஐத் தாண்டும். உந்தக்கணக்கு போட்ட முறையிலேயே பார்த்தால் .357-இன் உந்தம் 3.85, உங்கள் .45-க்குச் சமம். அதே உதைக்கு ஒன்றரை மடங்கு ஆற்றல்! எது லாபம் என்று அவரே சொல்லட்டும்.

உந்தக்கணக்கு

சொல்கிறேன், ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. குழலின் வாயிலிருந்து குண்டு மட்டும் வெளியே வருவதில்லை, எரிந்த மருந்தும் வாயுவாக வருகிறது, குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில். 9 எம்எம், .45 இரண்டிலும் மருந்து ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதனால் மேலே அதை விட்டுவிட்டேன். முழு வலு .357-இல் மெதுவாக எரியும் மருந்து ஒரு கிராம் வரை போகிறது, .44-இல் ஒன்றரை கிராம். அந்த வாயு உதையில் கணிசமான பங்கைச் சேர்க்கும். ஆகவே '.45 உதைக்கு .357 ஆற்றல்' என்பது நடக்காது. முழங்கும் சத்தமும் வாய்த்தீயும் அதே வாயுவால்தான், அவையும் கையைப் பயமுறுத்துகின்றன.

குழலின் நீளத்தையும் மறக்கக் கூடாது. அந்த 376 மீட்டர் நாலங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. இரண்டு அங்குலக் குழலில் வேகம் நன்றாகக் குறையும், எரியாத மருந்து வெளியே தீயாகும். அதையே எடை குறைந்த உலோகக்கலவை ரிவால்வரில், தோட்டாவோடு 400 கிராம் இருப்பதில் சுட்டால், வாயுவைச் சேர்க்காமலே, அந்த 376 மீட்டர் வேகம் குறையாது என்று வைத்தால், துப்பாக்கி வினாடிக்கு 9.6 மீட்டர் வேகத்தில் கைக்குள் வருகிறது. மேலே சொன்ன 1911-ஐவிட மூன்று மடங்கு, வேகக் குறைவைக் கழித்தாலும் இரண்டு மடங்குக்கு மேல்! சட்டைப்பைக்கு ஏற்ற மேக்னம் என்று யாராவது புதியவருக்குப் பரிந்துரைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சிலிண்டர்

நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. நான் சொல்வது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள நாலங்குல அல்லது ஆறங்குல எஃகு ரிவால்வர். வேட்டையில் பெரிய விலங்கு எதிரே வரும் இடங்களில் 9 எம்எம்மை நம்பிப் போகும் யாரையும் எனக்குத் தெரியாது. தடித்த தோலும் எலும்பும் உள்ள விலங்குக்குக் கடின ஈயத்தில் வார்த்த கனமான குண்டு வேண்டும், அதற்குத் தகுந்த உந்தமும் வேண்டும். அங்கே உதை ஒரு குறை அல்ல. இரண்டாவது தோட்டாவுக்கு நேரம் இல்லாத இடம் அது.

நேர்கோடு

புதுக்கை கேட்டது வேட்டைக்கு அல்ல.

பழைய எஃகு

இலக்குச் சுடுதல் என்றாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நடைமுறைச் சுடுதல் போட்டிகளில் 'பவர் ஃபாக்டர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கப் போட்டி அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏவின் விதியில் 125 எட்டினால் மைனர், 165 எட்டினால் மேஜர். மேஜரில் சுடுபவருக்கு இலக்கின் ஓரப் பகுதிகளில் பட்டாலும் கூடுதல் புள்ளி. .45 அநாயாசமாக 190-ஐத் தொடும். சாதாரண 9 எம்எம் 140 பக்கம் நின்றுவிடும். போட்டி அமைப்பே பெரிய உதைக்குப் பரிசு தருகிறது, கவனித்தீர்களா?

உந்தக்கணக்கு

கவனித்தேன். அது நான் சொன்ன உந்தமேதான், அலகு மட்டும் வேறு. ஆனால் 190 தேவையே இல்லையே! 165-ஐச் சற்றுத் தாண்டினால் போதும் என்பதால் மேஜரில் பலர் .40-ஐத் தாங்களே நிரப்பிக் குறைத்துச் சுடுகிறார்கள். வாய்முனையில் காம்பென்சேட்டர் (வாயுவை மேலே திருப்பி முனை எழும்பாமல் தடுக்கும் பாகம்) அனுமதிக்கும் ஓப்பன் பிரிவில் .38 சூப்பரும், அழுத்தம் ஏற்றிய 9 எம்எம்மும்தான் அதிகம் தெரியும். வாயு அதிகமாகவும் அழுத்தம் கூடுதலாகவும் இருந்தால்தான் காம்பென்சேட்டர் முனையை நன்றாக அழுத்தி வைக்கும். குறைந்த அழுத்தமுள்ள .45-இல் அந்த உதவி குறைவு.

இன்னொன்று. சிறிய தோட்டா என்றாலே உதை மென்மையானது என்றும் எண்ண வேண்டாம். .380 ஏசிபியின் உந்தம் 1.8தான். ஆனால் சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு இல்லாத, வெறும் ஸ்லைடின் எடையையும் சுருளையும் நம்பும் சிறிய பிஸ்டல்களில் அது பூட்டுள்ள 9 எம்எம்மைவிடக் கையைக் கடிக்கும். ஸ்லைடை இழுக்கவும் விரல் வலிக்கும்.

புதுக்கை

எல்லோருக்கும் நன்றி. எண்களைப் பார்த்த பிறகு ஒரு சந்தேகம். துப்பாக்கியின் எடை, பிடி, குழலின் உயரம் எல்லாம் மாறும்போது தோட்டாவின் பங்கு மட்டும் எவ்வளவு என்று கைக்கு எப்படித் தெரியும்? 9 எம்எம் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலிண்டர்

அதற்கு ரிவால்வர்தான் வழி, இதில் யாரும் என்னோடு சண்டை போட முடியாது. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும், குண்டின் விட்டம் ஒன்றுதான். அதே துப்பாக்கி, அதே எடை, அதே பிடி. 158 கிரெயின் .38-இன் உந்தம் சுமார் 2.4, .357-க்கு 3.85, மேலே வாயு வேறு. மூன்று .38, மூன்று .357 எடுத்து, வரிசை உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை நிரப்பச் சொல்லுங்கள். எதிலிருந்து உங்கள் குண்டுத் துளைகளின் குழுமம் சிதறுகிறது என்று இலக்குத் தாளிலேயே தெரியும்.

நேர்கோடு

நல்ல சோதனை, நானும் செய்யச் சொல்வேன். ஆனால் கண்ணாடியும் காதுக்கவசமும் இரண்டடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், .357 மூடிய களத்தில் பயங்கரமாக முழங்கும். சிதறல் எங்கே தொடங்கினாலும் நான் 9 எம்எம்தான் சொல்வேன்.

பழைய எஃகு

நான் .45தான் சொல்வேன். எஃகில்.

சிலிண்டர்

புதுக்கை, ஒரு விஷயம் விட்டுப்போனது. .38 உறை குட்டையானது, நிறையச் சுட்டால் அறைக்குள் அதன் வாய் நிற்கும் இடத்தில் கரி வளையம் படியும். .357 போடும்முன் வெண்கலத் தூரிகையால் ஆறு அறைகளையும் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீள உறை முழுதாக உள்ளே போகாது, சுட்ட உறை வெளியே வரவும் அடம்பிடிக்கும்.