மறு: ‘வாக்கெடுப்பு வரி’, ‘பட்டயப் பள்ளி’ சரிதானா?

வணக்கம். புளோரிடாவில் பள்ளிகளுக்காக மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் மட்டும் வரும் கூடுதல் சொத்து வரிக்கும், அங்குள்ள ‘charter school’ என்ற பள்ளிகளுக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதானே நம் பேச்சு.

> ‘வாக்கெடுப்பு வரி’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். வாக்களிப்பதற்கே வரி கட்டச் சொல்வது போல ஒலிக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருந்தது. கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்த அந்த வரியைக் கூட்டரசுத் தேர்தல்களில் தடை செய்தது 1964-இல் நிறைவேறிய 24-ஆம் அரசியலமைப்புத் திருத்தம். அந்த நிழல் நம் சொல்லில் விழக்கூடாது.

நாம் பெயர் தேடும் வரி வேறு. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்தே வருகிறது, நம்மை யாரும் கேட்பதில்லை. புளோரிடாவில் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளைக் கவனிக்கும் அமைப்பு, தன் அன்றாடச் செலவுக்குக் கூடுதல் சொத்து வரி வேண்டுமென்றால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். கிடைத்தாலும் அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குத்தான், அப்புறம் மறுபடி கேட்க வேண்டும். ஊர் இசைந்தால்தான் வரி. ஆகவே ‘ஊரிசைவு வரி’.

அடுத்தது ‘பட்டயப் பள்ளி’. என் வரைவைப் படித்த பெரியப்பா, “பாலிடெக்னிக்கைச் சொல்றியாப்பா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், பட்டயப் படிப்பு என்றால் நமக்கு டிப்ளமோதானே. ‘உதவிபெறும் பள்ளி’யும் ஒட்டவில்லை. இந்தப் பள்ளிகள் பொதுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். நடத்துவது மட்டும் தனி நிர்வாகக் குழு, அதுவும் குறித்த காலத்துக்கு, நிபந்தனைகளோடு எழுதிக்கொடுத்த ஆவணத்தின்படி. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிபந்தனையோடு கொடுத்ததை நாம் சாசனம் என்றுதானே சொல்கிறோம்? ‘சாசனப் பள்ளி’ என் பரிந்துரை.

சொல்லில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் வழக்கே சொல்லால்தான் வந்தது. 2018 வாக்குச்சீட்டில், இந்த வரி சாசனப் பள்ளி அல்லாத பள்ளிகளுக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். மக்களும் இசைந்தார்கள். சாசனப் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றுக்கும் பங்கு உண்டு என்றது. இடையில், 2019-இலேயே, இனிவரும் ஊரிசைவு வரிகளைச் சாசனப் பள்ளிகளோடும் பகிர்ந்தே ஆகவேண்டும் என்று மாநிலம் சட்டமியற்றிவிட்டது. வாக்காளர் எதற்கு இசைந்தார் என்பதுதான் அங்கே கேள்வி. அந்த இசைவு சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் அழுத்துவது இதனால்தான்.

சொத்து வரியைக் கணக்கிடும் ‘மில்’ (mill, ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர்) என்ற அளவுக்கு, சதவீதம் போல ‘ஆயிரவீதம்’ சொல்லலாம். வரிமதிப்பு 3,00,000 டாலர் உள்ள வீட்டுக்கு 1 ஆயிரவீதம் என்றால் ஆண்டுக்கு 300 டாலர்.

ஒரே ஒரு தயக்கம்: பெரிய மாவட்டத்தை ‘ஊர்’ என்னலாமா? ‘வட்டார இசைவு வரி’ பொருளில் துல்லியம், ஆனால் நாக்கில் நீளம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.