சிவப்புச் சுவரை வெள்ளையாக்க பிரைமர் அவசியமா?

செம்பருத்தி:
வணக்கம். இப்போதுதான் வீடு மாறியிருக்கிறோம். முன்பு இருந்தவர்களுக்கு நிறத்தின் மேல் அப்படி என்ன ஆசையோ, ஹாலில் ஒரு சுவர் முழுக்க ரத்தச் சிவப்பு, படுக்கையறையில் நாலு பக்கமும் கிளிப்பச்சை. ஹாலை வெள்ளைக்கும் படுக்கையறையை வெளிர் மஞ்சளுக்கும் மாற்ற வேண்டும். பார்க்க வந்த பெயிண்டர், "பிரைமர் எல்லாம் புதுச் சுவருக்குத்தான், இதுக்கு நேரா எமல்ஷன் மூணு கோட் அடிச்சாப் போதும்" என்கிறார். கடையிலோ பிரைமரும் பெயிண்டும் ஒன்றாகவே கலந்தது என்று ஒரு டப்பாவை எடுத்துக் காட்டுகிறார்கள். சிவப்புச் சுவரின் மூலையில் கொஞ்சம் வெள்ளை அடித்துப் பார்த்தோம், காய்ந்ததும் ரோஸ் கலரில் நிற்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? அப்புறம் இன்னொன்று, அந்தப் பச்சைச் சுவர் பளபளவென்று இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்தால் தண்ணீர் ஒட்டாமல் வழிகிறது.

உப்புத்தாள்:
சிவப்பை விடுங்கள், முதலில் பச்சையைப் பாருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட் மாதிரி தெரிகிறது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் பச்சை ஏறினால் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட், ஒன்றும் வராவிட்டால் ஆயில். ஆயிலின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், சில மாதம் கழித்து ஒரு கீறல் விழுந்தாலே தோலாக உரிந்து வரும்.

ஆயில்தான் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, 150 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகிற வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, பளபளப்பான பரப்பிலும் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிற பிரைமரை அடியுங்கள். வீடு ரொம்பப் பழையது என்றால் அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், சுவரை நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தூரிகை:
பெயிண்டர் சொல்வது பாதி சரி. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த நல்ல சுவரில், பழைய நிறத்துக்குப் பக்கத்து நிறம் அடிப்பதென்றால் பிரைமர் இல்லாமல் சமாளிக்கலாம். ரத்தச் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு அது நடக்காது.

வெள்ளையில் அடியில் இருப்பதை மறைக்கிற வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. அது எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு கனமாகச் சுவரில் நிற்கிறது என்பதும் முக்கியம். பெயிண்டில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் ஐந்து கோட் அடித்தாலும் ரோஸ் போகாது. நிறைய பேர் வீட்டில் நடப்பது இதுதான், பழி மட்டும் பெயிண்ட் மேல் விழும்! மறைக்கிற வேலையை விலை குறைந்த பிரைமரிடம் கொடுத்துவிட்டு, நல்ல பெயிண்டை மேலே இரண்டே கோட்டில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பிரைமரிலும் மறைப்புத் திறன் அதிகம் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். புதுச் சுவருக்கு அடிக்கிற சாதா பிரைமர் சுவர் பெயிண்டை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும், நிறத்தை அவ்வளவாக மறைக்காது.

இன்னொரு விஷயம், பிரைமர் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கடையில் டின்ட் போடும்போது லேசான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் சேரும் துளிக் கருப்பு வெளிச்சத்தை விழுங்குவதால் சிவப்பு சீக்கிரம் அடங்கிவிடும். வெளிர் சாம்பல் போதும், அதற்கு மேல் போனால் அதை மறைக்க வெள்ளை திணறும்.

ஒன்றாகக் கலந்தது என்று விற்பது பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியான பெயிண்ட்தான். உங்கள் சிவப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

செம்பருத்தி:
ரொம்ப நன்றி. தேய்த்துப் பார்த்தேன், பஞ்சில் ஒன்றுமே ஏறவில்லை, ஆயில்தான் போல. அப்படியென்றால் படுக்கையறைக்கும் சாம்பல் பிரைமரா? மூலையில் நிற்கிற ரோஸ் சாயம் கசிவதாலா, மறையாததாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூரிகை:
படுக்கையறைக்குச் சாம்பல் வேண்டாம். மஞ்சளின் அடியில் சாம்பல் இருந்தால் அழுக்கு மாதிரி தெரியும், பச்சை மிச்சம் இருந்தால் எலுமிச்சை நிறம் அடிக்கும். உப்புத்தாள் சொன்ன அதே வகையில் வெள்ளையாகவே வாங்கி இரண்டு கோட் கொடுங்கள். நீங்கள் எடுப்பது வெளிர் மஞ்சள் என்பதால் அதிலேயே வெள்ளை நிறைய இருக்கும், மேலே இரண்டு கோட்டில் முடிந்துவிடும். பளீர் மஞ்சளாக இருந்தால்தான் கஷ்டம். அந்த நிறங்களைக் கலக்கிற பேஸில், அதாவது சாயம் சேர்க்கும் முன் இருக்கிற மூலப் பெயிண்டில், டைட்டானியம் குறைவு, கோட் மேல் கோட் கேட்கும்.

உப்புத்தாள்:
சாயம் விஷயம் சுலபம். அந்த மூலையில் இன்னொரு கோட் வெள்ளை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ரோஸ் வெளுத்தால் அது மறையாத நிறம், இன்னும் கொஞ்சம் பிரைமர் போதும். கொஞ்சம்கூடக் குறையாமல் அப்படியே மேலே வந்தால் சாயம் ஊறுகிறது, அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் வேறு. ஷெல்லாக், அதாவது அரக்கு, கலந்தவை அதற்கு நன்றாகக் கேட்கும், வாடை மட்டும் தூக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பச்சைச் சுவர் முழுக்க அடிக்கும் முன் ஒரு சின்ன இடத்தில் பிரைமர் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மொட்டைமாடி:
நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கூரை ஓரத்திலும் சுவிட்சைச் சுற்றியும் பிரஷால் இழுக்கிற இடத்தில் பெயிண்ட் மெலிசாகத்தான் விழும். சுவர் நடுவில் வெள்ளையாகி, ஓரத்தில் மட்டும் ஒரு ரோஸ் சட்டம் நிற்கும். அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமரை இன்னொரு தடவை இழுத்துவிடுங்கள், ரோலரையும் முடிந்தவரை ஓரம் வரை கொண்டுபோங்கள். அளவு கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஹாலுக்கு வேண்டிய வெள்ளையை ஒரே நேரத்தில் வாங்கி ஒரு பெரிய வாளியில் கலந்துகொள்ளுங்கள், டப்பாவுக்கு டப்பா நிறம் லேசாக மாறும்.