ஜீப்புக்கு அடியில் 'கீச் கீச்': கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

திருவொற்றியூர் ஜீப்புக்காரன்:
பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். எண்ணூர் கடற்கரை மணலில் இறக்கிவிட்டு வந்ததிலிருந்து அடியில் 'கீச் கீச்'. மெதுவாகப் போனால் கேட்கிறது. வேகம் எடுத்தால் தெரியவில்லை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எதைத்தான் கேட்பது! நியூட்ரலில் உருட்டினாலும் நிற்கவில்லை. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இப்போது கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணே?

காசிமேடு கிரீஸ்கை:
அவசரப்படாதீர்கள் தம்பி. சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆளை விட்டுத் தள்ளிப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு கீச் என்றால் பிரேக் அல்லது வீல் பேரிங். நாலைந்து என்றால் ஷாஃப்ட் கிராஸ், அதாவது எஞ்சின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில் உள்ள கூட்டல்குறி வடிவ இணைப்பு. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் அத்தனை சுற்று வந்துவிடும். உப்புத் தண்ணீர் கிரீஸைக் கழுவிவிட்டால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் துருப்பிடிக்கும். மூடியைச் சுற்றிச் செம்பொடி தெரிகிறதா பாருங்கள்.

திருவொற்றியூர் ஜீப்புக்காரன்:
நாலைந்துதான் வருகிறது. ஆனால் பின் ஷாஃப்டில் ஆட்டமும் இல்லை, துருவும் இல்லை.

மணலி மணல்வண்டி:
முன் ஷாஃப்டை மறந்துவிட்டீர்களே! முன் சக்கர ஹப் (சக்கரத்தை அச்சோடு பூட்டும் பகுதி) லாக்கிலேயே கிடந்தால் டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹப்பை ஃப்ரீயில் போட்டு ஓட்டுங்கள்.

திருவொற்றியூர் ஜீப்புக்காரன்:
சத்தம் போயே போச்சு! டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கத்துக் கிராஸில் செம்பொடி. உதிரி பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குக் கிளம்புகிறேன்.

காசிமேடு கிரீஸ்கை:
சரி, கழற்றும் முன் ஷாஃப்டில் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லிப் ஜாயின்டை (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் இணைப்பு) குறி மாற்றி மாட்டினால் அப்புறம் வண்டி அதிரும்.