துணியும் தையற்காரரும்: புனித சாவியோவை நான் அறிந்துகொண்ட விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த சிறுவரான புனித தோமினிக் சாவியோவை மறைக்கல்வி வகுப்பில் சந்தித்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். நானும் ராயபுரம் இராயப்பர் ஆலயத்துக்கு அப்பாவின் கையைப் பிடித்துச் சென்ற வயதிலேயே அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். ஆயினும் அவரை நான் புரிந்துகொண்டது பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா நடத்திய தையற்கடையில்தான்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. தவக்காலம் தொடங்கியதும், எப்படியாவது புனிதனாகிவிட வேண்டும் என்ற வேகம் வந்தது. காலை உணவை விட்டேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தேன். இரண்டு வாரத்தில் வகுப்பில் கண் சொருகியது, கணக்குத் தேர்வில் தோற்றேன், தங்கை ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். அப்பா என்னைக் கண்டிக்காமல், மாலையில் கடைக்கு வந்து காஜா போடச் சொன்னார்.

அன்று சட்டைக்காக ஒருவர் பருத்தித் துணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை உடனே வெட்டாமல், அப்பா ஒரு வாளித் தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி எடுத்து, முறுக்காமல் பிழிந்து, கடைக்குப் பின்னால் நிழலில் கொடியில் போட்டார். ஏன் என்று கேட்டேன். "சுருங்க வேண்டியது முதல்ல சுருங்கட்டும்டா. அவசரப்பட்டு வெட்டித் தைச்சா, ஒரு தடவை துவைச்சதும் அவருக்குப் பத்தாமப் போயிடும்" என்றவர், சிறிது நேரம் கழித்து, "சாவியோ தன்னைத் துணின்னுதானே சொன்னாரு? துணி தன்னைத் தானே வெட்டிக்கலாமா?" என்றார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1854 அக்டோபர் 2 அன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவனான சாவியோ, பெக்கி என்ற சிற்றூரில், சிறுவர்களுக்கென ஓர் இல்லம் நடத்திவந்த குருவான தொன் போஸ்கோவை முதன்முதலாகச் சந்தித்தார். இது நல்ல துணி, ஆண்டவருக்கு அழகான ஆடை தைக்கலாம் என்று தொன் போஸ்கோ சொல்ல, அப்படியானால் நான் துணி, நீங்கள் தையற்காரர் என்று சிறுவன் பதில் சொன்னார். தந்தை கொல்லர், தாய் தையல் வேலை செய்பவர். ஆகவே அது வீட்டில் பழகிய பேச்சாகத்தான் அவர் வாயில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தூரின் நகரில் தொன் போஸ்கோவின் இல்லத்தில் சேர்ந்த பிறகு அவரும் என்னைப் போலவே தம்மை வருத்திக்கொண்டார்: படுக்கையில் கற்களையும் மரத்துண்டுகளையும் போட்டுக்கொண்டார், குளிர்காலத்தில் மெல்லிய போர்வையோடு படுத்தார். தொன் போஸ்கோ அதைத் தடுத்தார். கீழ்ப்படிவதும், வெயிலையும் குளிரையும் களைப்பையும் முணுமுணுக்காமல் தாங்குவதும், படிக்கும் வேளையில் படிப்பதும், மற்றவர்களோடு மகிழ்ச்சியாக விளையாடுவதுமே உனக்குத் தவம் என்றார். தாமாகத் தேர்ந்த தவத்தை விட்டுவிட்டு, சொன்னதைச் செய்தாரே, அதுதான் எனக்கு அவருடைய வாழ்வின் மிகப் பெரிய நிகழ்வு. ஏழு வயதில் முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்கியபோது எழுதிய 'பாவத்தைவிட மரணமே மேல்' என்ற தீர்மானத்தை எல்லா மறையுரையிலும் கேட்கிறோம். இந்தக் கீழ்ப்படிதலைப் பற்றிக் கேட்பது அரிது. இளையோருக்கு இதுவும் தேவை.

1857 மார்ச் 9 அன்று, பதினைந்து வயது நிறைவதற்கு மூன்று வாரங்களே இருந்தபோது, அவர் இறந்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1954இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இப்போது நான் மறைக்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கல்லெறிந்து சண்டையிடத் துணிந்த இரண்டு மாணவர்களுக்கு நடுவே சாவியோ சிறிய பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) உயர்த்திப் பிடித்து, முதல் கல்லை என்மேல் எறியுங்கள் என்று நின்ற நிகழ்வை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். துன்பத்தை நாம் தேடிப் போக வேண்டாம், தாங்க வேண்டிய வேளை தானாகவே வரும் என்று சேர்த்தும் சொல்வேன். கடந்த ஆண்டு வியாசர்பாடியில் ஒரு கால்பந்து மைதானத்தில் தாயைப் பழித்த ஒரு சொல்லால் சண்டை மூண்டு, ஒருவன் கையில் செங்கல்லை எடுத்துவிட்டான். நான் ஓடிச் சேர்வதற்குள், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருவருக்கும் நடுவில் போய் நின்றிருந்தான். செங்கல் கீழே விழுந்த பிறகும் அவன் முழங்கால்கள் நடுங்குவதைப் பார்த்தேன். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு சார். ஆனா ரெண்டு பேரும் எங்க டீமு" என்றான்.